இரண்டாவது பெஞ்ச்

ஆகஸ்ட் 11, காலை 9.10. மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பில் டீச்சர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். ஆதிரை வரவில்லை. தெப்பக்குளத்திலிருந்து எழும் கரிய உருவத்தோடு சண்டையிட அவள் விடியும் முன்பே போயிருந்தாள். அவளுக்கு மந்திரக்கோலும் நீல கவுனும் கொடுத்த வெள்ளைப் பிராணி இப்போது டீச்சரின் மேசைமேல் இமைக்காமல் உட்கார்ந்திருந்தது. ரகசியம் தெரிந்த தோழி ஜெசிந்தாவின் கண்ணுக்கு மட்டுமே அது தெரிந்தது.

"ஆதிரை?"

தோழி தாமதமாகும் நாட்களில் செய்வதுபோல் ஜெசிந்தா தலையைக் குனிந்து குரலை மாற்றினாள். "உள்ளேன் டீச்சர்."

பக்கத்திலிருந்த ரம்ஜானி கிள்ளினாள். "மாட்டுன, செத்தடி நீ."

பிராணி திரும்பிப் பார்த்தது.

"ஆதிரை ஐந்தரைக்கு இறந்துவிட்டாள்," என்றது, மணி சொல்வதுபோல. "அவள் பெயருக்குப் பதில் சொல்பவள் அவள் இடத்துக்கு வர வேண்டும்."

"ஐயோ, அவ திட்டு வாங்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்," என்று ஜெசிந்தா முணுமுணுத்தாள்.

"காரணம் தேவையில்லை."

ஜெசிந்தாவின் மடியில் ஆதிரையின் நீல கவுன் கிடந்தது. ஈரம் காயவில்லை.

"ஜெசிந்தா?" என்றார் டீச்சர். ரம்ஜானி திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

அன்றைய பதிவேட்டின்படி ஆதிரை வந்திருக்கிறாள். ஜெசிந்தா வரவில்லை.