நடுவில் ஒரு கிணறு

அண்ணன் செத்த பிறகு, இருவர் மேசையில் ஆடும் பாலைவனப் போர் விளையாட்டுக்கான வரைபடத்தைத் தம்பி தனியாளாகத்தான் வடிவமைத்தான். இரு பக்கமும் சமமா என்று பார்க்க, அண்ணன் உட்காரும் எதிர் நாற்காலியிலும் அவனே போய் உட்கார்ந்து ஆடினான்.

மணல்வெளிக்கு ஒரே கிணறு, பொத்தான் அளவில். அளவுகோல் பிடித்து நட்டநடுவில் வைப்பான். விடிந்தால் அது எதிர்ப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அண்ணனின் அதே அழுகுணி ஆட்டம். செத்தும் திருந்தவில்லை.

“ஒரு தடவையாவது எனக்கு விட்டுக்கொடேண்ணா,” என்றான் ஒருநாள், சிரித்துக்கொண்டே.

மறுநாள் கிணறு அவன் படையை ஒட்டி இருந்தது. எதிர் நாற்காலி மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது.

அதன்பின் கிணறு நகரவே இல்லை. கோணலாக வைத்துப் பார்த்தான். எதிரியின் கோட்டைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துப் பார்த்தான்.

வைத்த இடத்திலேயே இருந்தது.