ஒன்பதாம் நம்பர் படலம்

தங்கராசாவின் சாப்பாட்டுப் பெட்டியை ராணுவக் காவலரணில் திறந்து பார்த்த ஆமிக்காரருக்கு உள்ளே இருந்தது என்னவென்று விளங்கவில்லை. மெல்லிசாக, கண்ணாடிபோல, உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள்.

தங்கராசாவுக்கோ சிங்களம் வராது. இரண்டு மணித்தியாலம் வெயிலில் குந்த வைத்துவிட்டார்கள்.

கடைசியில் ஆய்வு நிலையப் பணிப்பாளர் கதிர்காமத்தம்பி போய், "இது எங்கட லாப் சாமான், குண்டுச் சாமான் இல்லை" என்று விளங்கப்படுத்தி, கையெழுத்து வைத்து ஆளை மீட்டுக்கொண்டு வந்தார்.

மீட்டவர் சும்மா விடுவாரா? எல்லாரையும் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு, நடுவில் தங்கராசாவை நிறுத்தினார்.

"எப்ப இருந்து நடக்குது இந்தக் களவு?"

தங்கராசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருஷமாக அந்த ஆய்வுகூடத்தைக் கூட்டிக் கழுவுகிறவர். இன்னும் நாட்சம்பளந்தான்.

பணிப்பாளர் செசீலியா பக்கம் திரும்பினார். "மிஸ், எத்தினை குறையுது?"

புண்ணில் ஒட்டுவதற்கென்று அந்தக் கண்ணாடித் தாள் படலங்களைச் செய்தவள் செசீலியாதான். இறாலின் மேலோடான கோதிலிருந்து எடுக்கிற கைட்டோசானை இன்னொரு பொலிமரோடு கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரிப்பாள். கைட்டோசான் கூடினால் அப்பளம்போல நொறுங்கும். மற்றது கூடினால் தண்ணீர் பட்டதும் கரையும். எட்டு மாதம் மாற்றி மாற்றிக் கலந்து இப்போதுதான் பதம் பிடிபட்டிருந்தது. கிருமி வளர்த்த தட்டில் வைத்தால் படலத்தைச் சுற்றி ஒரு கிருமி தலைகாட்டாது.

எவ்வளவு இழுவைக்குத் தாங்கும் என்று பார்க்கிற யந்திரம் கொழும்பில். சண்டையால் மூடிக்கிடக்கிற பாதை வெள்ளிக்கிழமை திறந்தால் பன்னிரண்டு படலமும் போகவேண்டும்.

செசீலியா பதிவேட்டைத் திறந்தாள். "நாலு குறையுது சேர். ரெண்டு, அஞ்சு, ஒன்பது, பதினொண்டு."

"ஒன்பதுமா? அதுதானே ஆகத் திறம் எண்டு சொன்னீங்க?"

"ஓம் சேர்."

பணிப்பாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "எதுக்கு எடுத்த நீ?"

"அகதி முகாம்ல கண்ணகை எண்டு ஒரு பிள்ளை, சேர். கிரான் பக்கத்துச் சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவ. அவதான் நமக்கு இறால் கோது தாறவ. வாவிக்குள்ள இறங்கிக் கையால தடவித்தான் இறால் பிடிக்கிறா. கொம்பு குத்தி விரலெல்லாம் சீழ் வெச்சிட்டு. முகாம்ல மருந்தும் இல்ல. நம்மட தாளை ஒட்டிப் பாத்தன். மூண்டு நாளில சீழ் வத்திட்டு சேர்."

செசீலியா சட்டென்று குறுக்கிட்டாள்.

"அப்பிடிச் செய்யக்கூடாது, தங்கராசா அண்ணன். மனிசரில போட்டுப் பாக்க இன்னும் அனுமதி எடுக்கல்ல. தட்டில வேலை செய்யிறது தோலில என்ன செய்யும் எண்டு ஆருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது?"

நியாயமான பேச்சு. நின்ற மாணவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பேசி முடித்த செசீலியாவுக்கு மட்டும் முகம் சுட்டது.

"கேட்டிருக்கலாந்தானே?" என்றார் பணிப்பாளர்.

"கேட்டாத் தந்திருப்பீங்களா சேர்?"

பணிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, தங்கராசாவே தொடர்ந்தார்.

"ஓரத்தில குமிழ் விழுந்ததாப் பாத்துத்தான் எடுத்தன் சேர். கொழும்புக்குப் போனாலும் கழிச்சுத்தான் போடுவாங்க."

"பொய் சொல்லாத. ஒன்பதில ஒரு குமிழும் இல்ல. அதையும் நீதானே எடுத்த?"

தங்கராசா முதல் தடவையாக நிமிர்ந்தார். செசீலியாவைப் பார்த்தார். அவள் பதிவேட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் சேர். அதுவும் நான்தான்."

"குமிழ் விழுந்தது எண்டா மன்னிச்சிருப்பன். திறமானதிலயும் கை வெச்சிட்டாய். நாளையில இருந்து வரவேணாம்."

"சேர்..." என்றாள் செசீலியா.

"என்ன மிஸ்?"

வாய்வரை வந்தது. அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்டுமில்ல சேர்."

தங்கராசா தன் வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதிரையில் போய் உட்கார்ந்த செசீலியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழும்பி ஓடினாள்.

வாசலில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கராசா அண்ணன், ஒன்பதாம் நம்பரை நீங்க எடுக்கல்லயே! ஏன் ஓம் எண்டு சொன்னீங்க?"

அவர் பெட்டியைக் கரியரில் வைத்துக் கட்டினார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தாள். பேசினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை லாப் பூட்டு எண்டு, இறால் கோதை உங்கட வீட்டுக்குக் கொண்டுவந்தன் மிஸ். நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. சின்னவ ஓடி வந்து, அம்மா கண்ணாடித் தாள் ஒட்டினவ எண்டு கையக் காட்டினா."

சைக்கிளில் ஏறப்போனவர் திரும்பிக் கேட்டார்.

"சுடுகஞ்சி கொட்டின புண்ணாமே, பிள்ளைக்கு இப்ப ஆறிட்டா மிஸ்?"