இஸ்திரி மேசை அதிகாரி

"சட்டைப் பொத்தான் போட முடியுமா?" என்று அதிகாரி கேட்டாள்.

அதிகாரி என்றால் அவன் மனைவிதான். அவனுடைய குளிர்கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, மூக்கு நுனியில் அவன் கண்ணாடியோடு, இஸ்திரி மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

எதிரே சோபாவில் அவன். தலையில் நீலத் துண்டு, முதுகுக்கு இரண்டு தலையணை.

"முடியாதுங்க மேடம்," என்றான், குரலை மெல்லிசாக இழுத்து.

"நேத்து போட்டீங்களே?"

"போட்டேன் மேடம். மூணு பொத்தானுக்கு இருபது நிமிஷம். நாலாவதை அப்படியே விட்டுட்டு மேல சால்வையைப் போத்திக்கிட்டேன்."

அதிகாரி சட்டென்று நிமிர்ந்தாள். இது இருவரும் பேசி வைத்த பதில் இல்லை.

"முதல்ல அந்தக் குரலை விடுங்க. யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

"பேசுறாங்க மேடம்."

நிஜ அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாகக் கடிதம் வந்திருந்தது. இன்னும் கால் மணி நேரம்.

நோய் உதவித்தொகைக்குப் புது விதி வரப்போகிறதாம். தட்டுத்தடுமாறி, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால்கூட 'முடியும்' என்றே எழுதிவிடுவார்களாம். இப்போதைக்கு இது வெறும் யோசனைதான் என்று செய்தியில் சொன்னார்கள். யோசனை அவர்களுடையது. தூக்கம் போனது இவர்களுக்கு.

தொகை நின்றால் ஒருவருக்குப் பஸ் டிப்போவில் இரட்டை ஷிப்ட். மற்றவர் நாள் முழுக்க இதே சோபாவில், தனியாக.

"ஜாடி மூடி திறக்க முடியுமா?"

"முடியாது. ஆனா கேட்டா, நானே திறந்துட்டேன்னு பெருமையாச் சொல்லிக்குவேன். பல்லால திறப்பேன்."

"பல்லாலன்னு யார் சொன்னது?" அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூடியில தடம் இருக்கு மேடம்."

"சரி. மாடிப்படி?"

"நாலு படிக்கு ஒரு தடவை உட்காருவேன். யாராச்சும் பார்த்துட்டா, செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரி நடிப்பேன். வாரே இல்லாத செருப்பு மேடம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"எட்டாவது கேள்வி. காபி போட முடியுமா?"

"முடியாது. கெட்டில் கனக்குது, கை நழுவுது."

"அப்ப யார் போடுறது?"

"வீட்டுல இன்னொரு ஜீவன் இருக்கு."

"அந்த ஜீவன் போடுற காபி எப்படி இருக்கும்?"

அவன் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டான். "அந்தக் கேள்வி படிவத்துல இல்ல மேடம்."

மணி அடித்தது.

பதற்றத்தில் அவன் சோபாவிலிருந்து துள்ளிக் குதித்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

வாசலில் தோள்பையோடு ஓர் இளம்பெண். துண்டு கட்டிய தலையைப் பார்த்தாள். இஸ்திரி மேசையையும் அதற்குப் பின்னால் இருந்த கோட்டையும் பார்த்தாள்.

"எங்க ஆபீஸ்லேர்ந்து ஏற்கெனவே ஆள் வந்துட்டாங்களா?"



அவள் மறுபடி அவனைப் பார்த்தாள். "அப்ப... ஓடி வந்தீங்களே, நீங்கதானா நோயாளி?"

அவன் துண்டை உருவினான். அதுவரை மனைவியின் பின்னலாக நடித்தது இப்போது வெறும் துண்டாகிவிட்டது. "ஐயோ, இல்லீங்க. நான் பஸ் ஓட்டுறவன். அவங்கதான்."

இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி மெல்ல எழுந்தாள். கோட்டில் ஒரு பொத்தான்கூடப் போட்டிருக்கவில்லை.

ஒரு வாரமாக அவளைச் சோபாவில் உட்காரவைத்துத்தான் அவன் கேள்வி கேட்டுப் பார்த்தான். எதைக் கேட்டாலும் 'முடியும்' என்றாள். மலையைத் தூக்கச் சொன்னால்கூட, எங்கே வைக்கட்டும் என்று கேட்டிருப்பாள். இன்று காலையில்தான் வேறு வழியில்லாமல் இடம் மாறிக்கொண்டார்கள். அவள் கேட்க, அவன் அவளாகப் பதில் சொல்ல.

நிஜ அதிகாரி உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவியின் வாயில் முதலில் வருவது வந்தது.

"களைச்சு வந்திருக்கீங்க. காபி..."

'போடட்டுமா' என்று கேட்டுவிடுவாளோ என்று அவன் கைத்துண்டைக் கசக்கினான்.

"...அவர் போடுவார். என்னால முடியாதுங்க."

நோய் வந்த பிறகு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு ஆறு வருஷம் பிடித்திருந்தது.

அவன் சமையலறைக்குள் போனான். ஏதோ உருண்டது. ஏதோ கருகியது. பிறகு கோப்பையோடு வந்தான்.

நிஜ அதிகாரி ஒரு வாய் குடித்தாள். கோப்பையை மிகமிக மெதுவாகக் கீழே வைத்தாள்.

எட்டாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை. நேராக 'முடியாது' என்று எழுதிக்கொண்டாள்.

மனைவியால் முடிந்திருந்தால், அந்த வீட்டில் அவனைக் காபி போட யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.