இடது கைக் களைக்கொத்து

இளவெயிலில், கடலைக்காட்டின் நடுவே குந்தி உட்கார்ந்து, அவள் இடது கையால் களை கொத்துகிறாள். பிறவியில் வலது கைக்காரி. அதனால் கொத்து விழுகிற இடத்தில் களை இல்லை, களை இருக்கிற இடத்தில் கொத்து விழுவதில்லை. களைக்கொத்து புருஷனுடையது. யாரும் தொடக்கூடாது என்று ராஜாவின் செங்கோல் மாதிரி அதைச் சுவரில் மாட்டிவைத்திருந்த மனுஷன், இப்போது கடல் தாண்டி எங்கோ சிமெண்ட் குழைக்கிறார். போன் பண்ணினால் களைக்கொத்தின் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் இவளிடம் வருவார். அவருக்கு இடது கைப் பழக்கம். காம்பில் அவர் கட்டைவிரல் தேய்த்த குழி வழவழவென்று மின்னுகிறது. இடது கையால் பிடித்தால்தான் அவள் விரல் அதில் உட்காருகிறது. அப்போதும் சுற்றிலும் இடம் மிச்சம். பக்கத்து வரிசையில் வெகுதூரம் போய்விட்ட நாத்தனார் திரும்பிப் பார்க்கிறாள். "அண்ணி, களை எடுக்கிறீங்களா, தேடுறீங்களா? உங்க கொத்து வரப்புல சும்மாதானே கிடக்கு?" "கிடக்கட்டும்." "சரி, இதுதான் வேணும்னா கொடுங்க. மறுபக்கம் கொஞ்சம் செதுக்கித் தரேன், வலது கைக்கு வாகா இருக்கும்." சொன்னதோடு நில்லாமல் அரிவாளோடு வந்தே விடுகிறாள். அண்ணி சட்டென்று களைக்கொத்தை மடியோடு சேர்த்துக்கொள்கிறாள். "வேணாம்டி. எனக்கு வாகாதான் இருக்கும். ஆனா உங்கண்ணன் வந்து பிடிச்சுப் பார்த்தா, வேற யார் வீட்டுதோன்னு வெச்சிட்டுப் போயிடுவார்." நீட்டிய அரிவாள் கீழே இறங்குகிறது. நாத்தனார் தன் வரிசைக்குத் திரும்பவில்லை. அண்ணியின் வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து அவளை நோக்கிக் கொத்திக்கொண்டு வருகிறாள்.