தோட்டத்துக்கு ஒரு விலாசம்

"ஸப்ரி நானா, ஐபோனுக்குள்ள கூகுள் போட முடியுமா?"

மதுசன் இப்படிக் கேட்டதும் ஸப்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யட்டியாந்தோட்டை பஜாரில் பதினைந்து வருடமாகப் போன் கடை நடத்துகிறவர் அவர். சுற்றியிருக்கும் ரப்பர் தோட்டங்களில் எந்த லயத்து வீட்டில் யார் போன் வாங்கினாலும் அதைத் திறந்து கொடுப்பது ஸப்ரியின் கைதான்.

"போடலாம் தம்பி. ஆனா என்னத்துக்கு? ஒங்க அண்ணன் கட்டார்ல இருந்து ஐபோன் அனுப்பி இரிக்கி. அதுலயே மேப் இரிக்கி, மெயில் இரிக்கி, படம் வைக்க எடமும் இரிக்கி. ரெண்டு கம்பனியும் போட்டிக்காரங்க. ஒருத்தன் வீட்டுக்குள்ள மத்தவனக் குடிவைக்கச் சொல்றீங்களே!"

"பழைய போன் ஆத்துல விழுந்துருச்சு நானா. என் படமெல்லாம் கூகுள்லதான் கெடக்கு."

"படந்தானே, போனாப் போகுது. புதுசா எடுங்களேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க!" என்றான் மதுசன். அவன் முகம் சிவந்துபோனது.

அவன் பதறியதற்குக் காரணம் சுகந்தினி. கேகாலை பஸ்ஸில் தொடங்கி இரண்டு வருடமாக வளர்ந்த காதல். அத்தனை படமும் அவளும் அவனும்தான். அவளுடைய அப்பா, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் ஐயாவு கங்காணியோ, "காதல் கீதல்னு எவனாவது வந்தா வாசல்லயே வெட்டுவேன்" என்று கோயில் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியோடு தினமும் நடமாடுகிற மனுஷன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

இனி என்ன செய்வது என்று இருவரும் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், போன மாதம் தரகர் ஒருவர் தானாகவே மதுசனின் வீடு தேடி வந்தார். கையில் சுகந்தினியின் சாதகம்! மதுசன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, "யாரு இந்தப் பொண்ணு? நம்ம தோட்டத்துல எந்த டிவிசன்?" என்று அப்பாவி மாதிரி கேட்டு வைத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் சடங்கு. அதுவரைக்கும் ஐயாவு கங்காணிக்குக் காதல் விஷயம் தெரியாமல் இருந்துவிட்டால் போதும்.

ஸப்ரி ஐபோனில் கூகுள் போட்டோஸை இறக்கினார். முகவரியையும் பாஸ்வேர்டையும் எதையும் பார்க்காமல் மளமளவென்று தட்டினார்.

"என் பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எப்படி மனப்பாடமா இருக்கு நானா?"

"தொழில் தம்பி, தொழில்! சரி, வேலை முடிஞ்சுது."

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கரவனெல்லப் பாலத்தில் ஒரே குடைக்குள் அவனும் சுகந்தினியும். மதுசனுக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. ஆசையாக விரலால் தள்ளினான்.

அடுத்த படத்தில் ஒரு சினைப்பசு நின்றது. அதற்கடுத்து யாருடைய வீட்டிலோ சடங்கு. அப்புறம் ஒரு கால் எக்ஸ்ரே. அதற்குப் பிறகு, வாயை ஆவென்று திறந்தபடி, கடைவாய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு ஐயாவு கங்காணி!

"நானா! கங்காணி எப்படி என் போனுக்குள்ள வந்தாரு?"

ஸப்ரி தலையைச் சொறிந்தார். "பழைய போன்ல நீங்க கேலரியத்தான் பாத்திருப்பீங்க. அதுல ஒங்க படம் மட்டும்தான் வரும். கூகுள்ல பாத்தா எல்லாருட படமும் வரும்."

"எல்லாருட படமுமா?"

"கோவிக்காதீங்க தம்பி. ஒங்க தோட்டத்துல வீட்டுக்கு வீடு தனி விலாசமா இரிக்கி? எல்லாருக்கும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருது? நானும் அதே மாதிரி, தோட்டத்துக்கு ஒரு ஜிமெயில்னு திறந்து குடுத்தேன். ஆளுக்கொண்ணு திறக்க எனக்கு எங்க நேரம்? இத்தன வருசமா ஒருத்தரும் கொற சொல்லல்ல."

"அப்ப என் படமெல்லாம் கங்காணி போன்லயும் இருக்கா?"

"இரிக்கும். ஆனா அவரு பாத்திருப்பாரோ என்னமோ!"

"இப்ப நான் அழிச்சா?"

"எல்லா போன்லயும் அழியும்."

அவ்வளவுதான். மதுசன் பேய் பிடித்தவன் போல அழிக்கத் தொடங்கினான். பஸ்ஸில் எடுத்தது போனது. தேர்த்திருவிழாவில் எடுத்தது போனது. ஐஸ்கிரீம் கடையில் எடுத்தது போனபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. உயிரோடு இருந்தால்தானே மறுபடி ஐஸ்கிரீம் சாப்பிடலாம்!

பாலத்துப் படத்தில் விரலை வைத்தபோது ஸப்ரியின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸப்ரி, ஐயாவு பேசுறேன். என் போன்ல படமெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போகுது. அங்க மதுசன் தம்பி நிக்கிறாரா?"

ஸப்ரி போனை மதுசனின் பக்கம் நீட்டினார்.

"சொ... சொல்லுங்க மாமா."

"தம்பி, அந்தப் பாலத்துப் படத்த மட்டும் அழிச்சுப்புடாதீங்க. அதப் பாத்துட்டுத்தானே நானே தரகரப் புடிச்சு ஒங்க வீட்டுக்கு அனுப்பினேன்! ஞாயித்துக்கிழம நீங்க புள்ளய மொதத் தடவ பாக்குற மாதிரி கொஞ்சம் வெக்கப்பட்டு ஒக்காருங்க, காதல்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரி ஆடித் தீத்துருவா. நல்ல வேள, இந்தத் தோட்டத்துலயே அவகிட்ட மட்டுந்தான் போன் இல்ல."