கடைசி நிரை

"சீதாதேவி! நீ ரோட்டோரம் போ. கடைசி நெர!"

வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை நாகலிங்கம் போட்ட சத்தம் கொழுந்து மலை முழுக்கக் கேட்டது. எதிர்ச் சரிவில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்களுக்கும் கேட்டது.

அவர்களில் ஒருவன் கத்தியை நிறுத்திவிட்டுக் காத்தமுத்துவைப் பார்த்தான்.

"தலைவரே, இன்னைக்கும் ஒங்க வீட்டுக்காரிக்குக் கடைசி நெரதான்."

காத்தமுத்துவுக்கு முகம் கறுத்துவிட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவன் அவன். அவன் மனைவிக்கே இப்படியென்றால் யார் மதிப்பார்கள்?

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு வரிசைச் செடி, அதுதான் நிரை. நடு நிரை கிடைத்தால் கூடை சீக்கிரம் நிறையும். ரோட்டோரத்துக் கடைசி நிரையில் பாதிச் செடி செத்திருக்கும், மீதியில் புழுதி படிந்திருக்கும். அதனால் அது ஆள் மாறி ஆள் வரும். ஒருத்தியையே தினமும் அங்கே நிறுத்துவது கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கும் இல்லாத வழக்கம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருடப் போராட்டத்தில் ஆபீஸ் வாசலில் நின்று, "நாகலிங்கம் ஒழிக!" என்று முதலில் கத்தியவள் சீதாதேவி. மனுசன் மனதில் வைத்துக் கறுவுகிறார்.

அன்று பின்னேரமே சங்கத்து ஆட்கள் ஆபீசுக்குத் திரண்டு போனார்கள். தோட்டத்தைக் கம்பனி எடுத்த பிறகு வந்த புதுத் துரை, நாற்காலியை விட்டு எழும்பி வெளியே வந்தார்.

"கணக்கப்பிள்ளை பழி வாங்குறாரு, தொர!" என்றான் காத்தமுத்து. "புள்ள பெத்த பச்ச ஒடம்பு. அவளப் போயி தெனமும் அந்தக் காஞ்ச நெரயில நிறுத்துறாரு. நாங்க மனுசங்க இல்லையா?"

பேச்சில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. பின்னால் நின்றவர்கள், "அப்பிடிச் சொல்லுங்க தலைவரே!" என்றார்கள்.

துரை, வாசலில் நின்ற நாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "மொகத மே, கணக்கப்பிள்ளை? என்ன இது? ஏன் அவளுக்கு மட்டும்?"

நாகலிங்கம் வாயைத் திறந்தார். துரையின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க!"

"வாய்க்கொழுப்பு கூடிப் போச்சு, சேர். அடக்கி வைக்கத்தான்..."

"பாத்தீங்களா! அவரே ஒத்துக்கிட்டாரு!" கூட்டம் கொந்தளித்தது. "நாளைக்கு ஒருத்தரும் மல ஏற மாட்டோம்!"

கொழுந்து நன்றாக விளைந்து நிற்கும் காலம். பறிக்காமல் விட்டால் முற்றிப் போகும். துரைக்குக் கொழுந்து முக்கியம், கணக்கப்பிள்ளை முக்கியமில்லை.

"ஹரி, ஹரி, சரி. நாளையிலருந்து அவளுக்கு நடு நெர. கணக்கப்பிள்ளை, மன்னிப்புக் கேளுங்க."

நரைத்த தலையைக் குனிந்துகொண்டு நாகலிங்கம் கேட்டார். "மன்னிச்சுக்கங்க, தலைவர்."

காத்தமுத்து மீசையைத் தடவிக்கொண்டான்.

லயத்து வீடுகள் வரைக்கும் ஜே போட்டுக்கொண்டு வந்தார்கள். பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சீதாதேவி விசயத்தைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரக் கேட்டுட்டுப் போனீங்க?"

"யாரக் கேக்கணும்? நான் தலைவர்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். சுற்றிலும் ஆட்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை நாகலிங்கம் சத்தம் போடவில்லை. "நடு நெர," என்று மட்டும் சொன்னார். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கத் துரையும் மேட்டில் வந்து நின்றார். வலப்பக்கமும் இடப்பக்கமும் பெண்கள் வரிசையாக நிற்க, சீதாதேவி நடுவில் நின்று பறித்தாள்.

மத்தியானம் கவ்வாத்து வேலை முடிந்து காத்தமுத்து வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். இடுப்பில் பிள்ளை, அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க ஈரம்.

"அந்தப் பக்கம் மழயா?" என்றான்.

"மழ இல்ல. பால்."

அவனுக்கு விளங்கவில்லை.

"மத்தியானம் வரைக்கும் யாரும் மலய விட்டு எறங்கக் கூடாதுன்னு புதுத் தொர சட்டம் போட்டிருக்காரே, அதுக்குப் பொறகு புள்ளைக்கு நான் எப்பிடிப் பால் குடுத்தேன்னு நெனைக்கிறீங்க? ரோட்டோரமா நின்னா யாரு கண்ணுலயும் படாம எறங்கிடலாம். புள்ளைங்கள விட்டுட்டு வர்ற புள்ளக் காம்பராவுக்கு ஓடிப்போயி, பால் குடுத்துட்டு ஓடி வந்துருவேன். அந்தக் கணக்கப்பிள்ளை மனுசன் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிப்பாரு. என்னய ஏசுறதெல்லாம் தொர காதுல விழத்தான்."

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு நடுவுல நிறுத்திட்டீங்க. அத்தன கண்ணும் எம்மேலதான். காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்கிற ஆயம்மா சீனித்தண்ணி குடுத்துப் பாத்தாளாம். துப்பிட்டானாம்."

"அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா," என்று அவன் எழும்பினான், "இதுக்கே வேல நிறுத்தம் செஞ்சிருப்பேனே!"

சீதாதேவி படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். அது அழுகையை நிறுத்திக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தொர சட்டம் போட்ட அன்னைக்கே பொம்பளைங்க எல்லாரும் சேந்து சங்கக் கூட்டத்துல வந்து சொன்னோம். 'இது பொம்பளைங்க சோலி, சங்கத்துக்குக் கொண்டு வராதீங்க'ன்னு தொரத்திவிட்டது நீங்கதான், தலைவரே."