நூற்று நாற்பது டிகிரி

"டேய், தீயைக் குறைங்கடா! நூத்திநாப்பதைத் தாண்டினா ஈதர் வராது!" வேதியியல் ஆசிரியை பிரவீணா பாய்ந்து பர்னரை அணைத்தாள்.

"பந்தல்குடி பஸ்ஸு போயிரும் மேடம், அதான் கூட்டி வச்சோம்" என்றான் அருஞ்சுனை.

ஆய்வகத்தில் அவனும் கார்த்தீஸ்வரனும்தான் மிச்சம். இருவரையும் பத்திரமாக வெளியே அனுப்புவது அவள் பொறுப்பு.

"உள்ள என்ன நடக்குதுன்னாவது தெரியுமாடா?"

"ரெண்டு ஆல்கஹால் சேர்ந்து ஒரு ஈதர் ஆகும் மேடம். கொஞ்சம் தண்ணி வெளியேறிரும். அம்புட்டுத்தான்" என்றான் கார்த்தீஸ்வரன்.

ஈதரின் இனிப்பு வாசம் பரவியது. அவள் விரல்கள் மரத்தன. ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். தரை நனைந்திருந்தது. மேசையருகே ஒருவன் மட்டும் நின்றான்.

"இன்னொருத்தன் எங்கடா?"

"இருக்கோம் மேடம்."

வருகைப் பதிவேட்டை நீட்டினாள். அவன் இரண்டு கைகளிலும் பேனா எடுத்து, இரண்டு பெயர்களையும் ஒரே நேரத்தில் எழுதினான்.